முன்பு எடுக்காத படம்

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒரு காந்தம் இருந்தது. மற்ற இயந்திரங்களை மாலையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதை நிறுத்த முடியாது. ஆள் இல்லாத அறையிலும், ஞாயிற்றுக்கிழமையும், ஆயுத பூஜைக்கு நாங்கள் அதற்குப் பொட்டு வைத்த நாளிலும் அது இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் அது. எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிற பெண்களை உடை மாற்றி உள்ளே அனுப்புவது என் வேலை. முட்டி போனதும் வேலையை விட்டேன். இப்போது திருப்புட்குழியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன வாரம் ஷபானா பேசினாள். நான் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பெண். இப்போது அந்த இடமே அவள் பொறுப்பில் இருக்கிறது.

"கஸ்தூரிக்கா, புதுசா வர்ற பொண்ணுங்க பேஷன்ட்ட பயமுறுத்தியே உள்ள அனுப்புதுங்க. நீங்க எப்படி அனுப்புவீங்கன்னு எழுதிக் குடுங்களேன்."

"நான் ஏழாவதுடி."

"பரவால்லக்கா. நான் படிச்சதைச் சொன்னா அவங்களுக்குப் புரியல. நீங்க எழுதினா புரியும்."

அதே பேச்சில் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அது கடைசியில் வரும்.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கேரளாவில் செங்கல் சுமந்தேன். பெங்களூரில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினேன். ஓர் ஊர் பழகிவிட்டால் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. கட்டியவர் நடுவில் ஏதோ ஓர் ஊரில் தங்கிவிட்டார், நான் தங்கவில்லை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்துக்கு வந்தபோது ஸ்கேன் சென்டரில் தரை துடைக்க ஆள் கேட்டார்கள். துடைத்துக்கொண்டிருந்தவளை ஒரு நாள் உடை மாற்றும் அறையில் நிறுத்தினார்கள். அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு முறை சொல்லாமல் ஓடிப்போயிருக்கிறேன். இரண்டு முறையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான். வருகிறவர் உடம்பில் இரும்பு, தங்கம், வெள்ளி எதுவும் இருக்கக்கூடாது. கொண்டை ஊசியை எடுக்க வேண்டும். பட்டுச்சேலை கட்டி வந்தால் ஜரிகையும் உலோகம் என்று சொல்லிப் பருத்தி அங்கி கொடுக்க வேண்டும். ஸ்கேனுக்குப் போவதையும் விசேஷத்துக்குப் போவதுபோலப் பட்டு உடுத்தி வருகிற ஊர் இது. இதெல்லாம் சுலபம். தாலிதான் சிரமம்.

புதிதாக வந்தவர்கள் "தாலியைக் கழட்டும்மா" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் முகம் வெளுத்துவிடும். தலைவலி என்று வந்த பெண், புருஷன் போய்விடுவான் என்ற பயத்தோடு காந்தத்துக்குள் போவாள். அப்புறம் எப்படி அசையாமல் படுப்பாள்? நான் ஒரு டப்பாவில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வைத்திருப்பேன். "மாத்திக்கலாம்மா" என்பேன். முதலில் மஞ்சள் கோத்த கயிற்றைக் கழுத்தில் கட்டிவிடுவேன். அது கட்டிய பிறகுதான் தங்கத்தை எடுப்பேன். நடுவில் ஒரு நிமிஷம்கூடக் கழுத்து காலியாக இருக்காது. கழட்டு என்ற சொல்லை அந்த அறைக்குள் நான் சொன்னதே இல்லை. எடுத்த தாலியில் நாலைந்து ஊக்கு தொங்கும். அதையும் சேர்த்து முடிந்து, கூட வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே முறை.

மெட்டிக்கு சோப்பு. அதற்கும் வரவில்லை என்றால் தேங்காய் எண்ணெய்.

உள்ளே படுக்க வைத்துக் காதில் பஞ்சு வைப்போம். தலைக்கு மேல் ஒரு கூண்டு மாட்டுவோம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். பயமாக இருந்தால் அதை அழுத்த வேண்டும், இயந்திரம் நிற்கும். அது போடுகிற சத்தம் டக்கு டக்கு என்று தறிச் சத்தம் மாதிரியே இருக்கும். இந்த ஊரில் அதைச் சொல்லாதவர் இல்லை. அதனால் வேறெங்கும் இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு இருந்தது. நெசவுக்காரர்களுக்குப் படம் கலங்கலாக வந்தது. ஆடவில்லை, அசையவில்லை என்று சத்தியம் செய்வார்கள். திரும்ப எடுத்தாலும் கலங்கல்தான்.

டாக்டர்தான் கண்டுபிடித்தார். கலங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டே, "இவர் தறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "போய்க் காலைப் பாருங்க" என்றார். பார்த்தோம். தறியில் உட்கார்ந்து மிதி மிதிக்கிற மாதிரி, சத்தத்துக்குத் தகுந்தபடி, வலது பாதம் ஒரு முறை, இடது பாதம் ஒரு முறை அழுந்திக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து நெசவுக்காரர்கள் வந்தால் நான் உள்ளே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்வேன். எத்தனையோ பாதங்களைப் பிடித்திருக்கிறேன். எல்லாப் பாதமும் என் கைக்குள் நெய்துகொண்டுதான் இருந்தது.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர். படம் திரையில் வருவதற்குள் கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைப்பார். திரையின் மூலையில் பேஷன்ட் பெயரும் வயதும் இருக்கும். இடது கையால் அதை மறைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்ப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "ஆளைத் தெரிஞ்சிட்டா கண்ணு அங்கயே போய் நிக்கும்மா. முதல்ல படம். அப்புறம் ஆள்" என்றார்.

பார்த்து முடித்ததும் எழுந்து வந்து கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி, காத்திருப்பவர்களிடம் ஒரு வாக்கியம் சொல்வார். ஒன்றும் இல்லை என்றால், "நார்மல்." ஏதாவது இருந்தால், "உங்க டாக்டரைப் பாருங்க." அவ்வளவுதான். கதவை மூடிக்கொள்வார். வாசலில் டீ விற்பவருக்கும்கூட அது தெரியும். நார்மல் என்று வந்தால் அழுதுகொண்டே காலில் விழுவார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுக் கோயில் இட்லியோடு திரும்பி வந்து எங்களுக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கூடத்தில் அதைவிட நல்ல சொல் இருந்ததில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டு ஒருத்தி இடிந்துபோனதை ஒரே ஒரு முறை பார்த்தேன்.

அவள் பெயர் யுவராணி. ஐயம்பேட்டையில் பிறந்தவள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் மோகனும் அவளும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். சேலையின் கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஊடு நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு அவன் விடுவான், கரைக்கு அவள். கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கழுத்து நிற்கவில்லை. குழந்தை மோகன் தோளில் தூங்கியது. மாமியார் சரோஜாம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்குப் பிறகு தலைவலியும் தடுமாற்றமும் இருந்ததால், தலையில் ரத்தம் கட்டியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஒரு டாக்டர் அனுப்பியிருந்தார்.

யுவராணி என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்தேன். சரோஜாம்மா தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"பச்ச ஒடம்புமா. இம்மாந் தண்ணி குடிச்சா ஊதிப்பூடும்." பாதியைக் கீழே ஊற்றிவிட்டு மீதியைக் கொடுத்தார்.

பிறகு நான் கேட்காமலே சொன்னார். "தூங்கறதே இல்லம்மா. புள்ளை மூக்குல வெரல வெச்சுக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது. மூச்சு வர்ல மூச்சு வர்லன்னுது. யாரோ தூக்கினு போவ வராங்களாம். முந்தாநாள் இன்னா பண்ணா தெரியுமா? புள்ளைய தறிக்குழியில வெச்சுட்டா."

தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அவர்களுடையது. அந்தப் பள்ளம்தான் தறிக்குழி.

"மேல சேலைய போட்டு மூடி வெச்சிருக்குதும்மா. நான் வூடு பூரா தேடறேன். புள்ளைய குழியில போட்டு மூடியிருக்குது."

சொல்லும்போதே எட்டிக் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நடிப்பில்லை. அந்த அம்மாவின் பயம் உண்மையான பயம்.

யுவராணி நிமிராமல் சொன்னாள். "போடல அத்த. படுக்க வெச்சேன். அங்கதான் யாரும் தேட மாட்டாங்க. குளுகுளுன்னு இருக்கும்."

"கேட்டியாம்மா" என்றார் சரோஜாம்மா.

உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போனேன். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. பருத்தி அங்கி கொடுத்தேன். மாத்திக்கலாம்மா என்று சொல்லி மஞ்சள் கயிறு கட்டினேன். தங்கத்தை எடுத்துப்போய் சரோஜாம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளை பெற்ற காலில் இன்னும் வீக்கம் இருந்ததால் மெட்டி இறுகிப்போயிருந்தது. கீழே உட்கார்ந்து சோப்பு போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தலைக்குள்ள ஏதாச்சும் இருந்தா படத்துல தெரியும் இல்ல?"

"தெரியும்மா. ஒண்ணும் இருக்காது, பயப்படாத."

"இருக்கணும்க்கா."

கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். என்னைவிடத் தெளிவாகப் பேசினாள்.

"கட்டி கிட்டி ஏதாச்சும் இருக்கணும். இருந்தா ஆபரேசன் பண்ணிட்டு, சரியாயிட்டான்னு புள்ளைய என் கையில குடுப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா, வேணும்னே பண்றேன்னு அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. பாப்பா இங்கயே இருக்கும். அத்த சொல்லிட்டாங்க. அவரும் சரின்ட்டாரு."

மெட்டி வந்துவிட்டது. எழுந்தேன். அந்த அறையில் எத்தனையோ பேர், ஒன்றும் இருக்கக்கூடாது என்று சாமிக்கு வேண்டிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஏதாவது இருக்க வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

உள்ளே படுக்க வைத்தோம். நெசவுக்காரி என்பதால் நான் கூடவே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் டக்கு டக்கு என்று ஆரம்பித்தது. பாதம் ஆடவில்லை. சிறு வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவள் கால், கட்டை மாதிரி கிடந்தது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் பந்தை அழுத்தினாள். இயந்திரம் நின்றது. குனிந்து கேட்டேன்.

"பாப்பா அழுவுது. பால் குடுத்துட்டு வந்துடறேன்."

அந்த அறையின் கதவு கனமானது. மூடினால் வெளிச் சத்தம் வராது. அவள் காதில் பஞ்சு வேறு. இருந்தாலும் போய்ப் பார்த்தேன். குழந்தை மோகன் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"தூங்குதும்மா. அழுவல."

கூண்டுக்குள்ளிருந்து கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். "உனக்குப் புள்ளை இருக்குதாக்கா?"

"இல்லம்மா."

"அப்ப உனக்குக் கேக்காது."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். மறுபடி இயந்திரத்தை ஓட்டினோம். அதன் பிறகு பந்தை அழுத்தவே இல்லை. வெளியே எடுத்தபோது இரண்டு காதுப் பஞ்சும் கண்ணீரில் ஊறியிருந்தது. அங்கி மறுபடி பாலில் நனைந்திருந்தது.

டாக்டர் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். முழுவதும் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழி, அழுகை, உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று அவள் கேட்டது. குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"ரத்தக் கட்டு இல்லம்மா. அதுவரைக்கும் நல்லது. நீ சொல்ற நோய் இந்தப் படத்துல விழாது. ஆனா அது நோய்தான். பிள்ளை பெத்தவங்க சில பேருக்கு வரும். இன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட போகணும். மருந்து இருக்கு. சரியாயிடும்."

அன்று அவர் கதவைப் பாதி திறந்து நிற்கவில்லை. முழுதாக வெளியே வந்தார். மோகன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. முதலில் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

"படம் நார்மல். ஆனா..."

"கேட்டியாடா மோகனு" என்று சரோஜாம்மா எழுந்துவிட்டார். "நார்மலாம். ஒண்ணும் இல்லியாம். நான் சொல்லல?"

"இருங்கம்மா. படத்துல வரலன்னா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல. மனசு சம்பந்தப்பட்ட டாக்டர்..."

"பைத்தியக்கார டாக்டரா?" சரோஜாம்மாவின் குரல் தாழ்ந்தது. "அப்ப பைத்தியம்னு சொல்றீங்களா சார்? பைத்தியம்னா பச்சப் புள்ளைய எப்படி அது கையில குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் மோகனிடம் திரும்பினார். நோயின் பெயரைச் சொன்னார், எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னார், குழந்தையையும் தாயையும் பிரிக்காமல் பக்கத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். மோகன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அழுதான். அம்மாவை ஒரு முறை பார்த்தான், குழந்தையை ஒரு முறை பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாதவன்.

இது நடந்தபோது யுவராணி சேலை கட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நார்மலாக்கா?" என்று கேட்டாள்.

பிறகு, "இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லு" என்றாள்.

தாலியைத் திரும்பக் கட்டுவதற்காக சரோஜாம்மாவிடம் கை நீட்டினேன். அவர் அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார்.

"இருக்கட்டும்மா. வூட்டுக்குப் போய் மாத்திக்கலாம்."

என் சொல். வார்த்தை மாறாமல் அதே சொல். யுவராணி மஞ்சள் கயிற்றோடு படி இறங்கிப் போனாள். ஆட்டோவில் குழந்தை மோகன் மடியில் இருந்தது. அவள் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு விரலை நீட்டி அதன் மூக்கருகே வைத்திருந்தாள்.

அந்தத் தங்கம் அவள் கழுத்துக்குத் திரும்பவில்லை. அந்த வாரமே அவளை ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை வைத்துக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட பால் காய்ச்சலாக மாறியது. அவள் அண்ணன் நல்ல மனிதர். சென்னைக்கு அழைத்துப்போய் மனநல டாக்டரிடம் காட்டினார். எங்கள் டாக்டர் சொன்னதேதான் நடந்தது. மருந்து வேலை செய்தது. ஒரு வருடத்துக்குள் அவள் தெளிந்துவிட்டாள். தூங்கினாள், சாப்பிட்டாள், இல்லாத அழுகை கேட்பது நின்றது.

அண்ணன் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனார். அங்கே நடந்த பேச்சை, பிறகு ஸ்கேன் சென்டருக்கு வந்தபோது அவரே என்னிடம் சொன்னார். அவளுக்கு அப்போது நோய் என்று இவர் சொன்னார். ஸ்கேனில் நார்மல் என்று வந்ததே, நோய் இல்லையே, புத்தியோடுதானே பிள்ளையைக் குழியில் வைத்தாள் என்று அவர்கள் கேட்டார்கள். இவர் மருந்துச் சீட்டைக் காட்டினார். அப்படியா, மாத்திரை சாப்பிடுகிறவளா, அவளிடம் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள். சுற்றிச் சுற்றி அதுதான். எந்தப் பக்கம் போனாலும் ஒரே சுவரில் போய் முட்டியது. பிறகு பெரியவர்கள் முன்னால் பேசி, எழுதி வாங்கி, கல்யாணத்தை அறுத்துவிட்டார்கள். மோகன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். யுவராணிக்குப் பயம். குழியைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேட்பார்கள் என்று பயந்தாள்.

தெளிந்த பிறகு ஒரு நாள் அவள் ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். தலைவாரி, பூ வைத்து, நேராக வந்து நின்றாள்.

"அக்கா, இப்ப ஒரு படம் எடுங்க. இப்ப நார்மல்னு வரட்டும். கொண்டு போய்க் காட்டறேன்."

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். பழைய படத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தார். "அப்பவும் அதேதானம்மா வந்துது" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சரிங்க சார் என்று எழுந்தாள். டாக்டர் மோகனுக்கு போன் செய்து பேசினார். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அதன் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

நான் இரண்டாம் முறை ஓடிப்போனது அந்தச் சமயத்தில்தான். ஓசூரில் ஒரு பூப்பண்ணையில் ரோஜாவுக்கு முள் நீக்கினேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. திரும்பி வந்தபோது காந்தம் அப்படியே இருந்தது. டாக்டர் வேலையை விட்டு மகனிடம் போயிருந்தார். புதிய டாக்டர் பெயரை மறைப்பதில்லை.

இனி ஷபானா சொன்னது.

"அக்கா, பிள்ளை உண்டானா பொம்பள மூளையே மாறுதாம். இப்ப படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. சில இடம் கொஞ்சம் மெலிஞ்சுடுதாம். நோய் இல்லக்கா. குறைஞ்சு போறதும் இல்ல. பிள்ளையோட முகத்தைப் படிக்க, அது ஏன் அழுவுதுன்னு புரிய, மூளை தன்னைத் தானே திருத்திக்கற மாதிரியாம். எல்லாத் தாய்க்கும்."

யுவராணி கூண்டுக்குள்ளிருந்து கண்ணைத் திருப்பிச் சொன்னது ஞாபகம் வந்தது. "அப்ப அந்தப் பொண்ணுக்கு அதுதானா?"

யுவராணியின் கதை நான் சொல்லி ஷபானாவுக்குத் தெரியும். "இல்லக்கா. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. இது எல்லாருக்கும் நடக்கறது. அவங்களுக்கு வந்தது நோய், அது தனி. ஆனா இதுவும் அவங்களுக்கு நடந்திருக்கும்."

"அன்னிக்குப் படத்துல ஏன் தெரியல?"

"ஒரு படத்தை வெச்சுச் சொல்ல முடியாதுக்கா. உண்டாகறதுக்கு முந்தி ஒண்ணு எடுத்திருக்கணும். பின்னாடி ஒண்ணு எடுக்கணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டாத்தான் தெரியும். தனியா பாத்தா நார்மல்தான்."

முந்தி ஒன்று யார் எடுத்திருப்பார்கள்? கல்யாணத்துக்கு எடுத்த போட்டோதான் எல்லோரிடமும் இருக்கிறது.

"மாறினது எவ்ளோ நாள் இருக்கும்?"

"கொஞ்சம் திரும்பிடுமாம். கொஞ்சம் வருஷக்கணக்கா இருக்குமாம். இன்னும் பாத்துக்கினு இருக்காங்க."

மறுநாள் காலையில் ஐயம்பேட்டைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் முட்டியை மடக்க முடியாமல் ஓரமாக உட்கார்ந்து போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாராவது அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

யுவராணி அண்ணன் வீட்டில் தறியில் இருந்தாள். போனில் எப்போதாவது பேசிக்கொள்வோம், நேரில் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. உடல் பருத்திருந்தது. முன்தலையில் நரை. குழியில் காலைத் தொங்கவிட்டபடி, "வாக்கா, முட்டி எப்படி இருக்குது? இன்னும் ஊர் ஊரா ஓடிக்கினுதான் இருக்கியா?" என்றாள்.

"முட்டி ஓட விட்டாத்தான."

சிரித்தாள். மகளைப் பற்றி அவளாகவே சொன்னாள். மூன்றாவது படிக்கிறாளாம். போன பங்குனித் திருவிழாவில் கூட்டத்தில் பார்த்தாளாம். மோகனின் இப்போதைய மனைவி மகளிடம், "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றாளாம். சொன்னாளாம்.

"நல்லா வளத்துக்கினு இருக்குது அந்தப் பொண்ணு. குறை சொல்ல முடியாது. முடி மட்டும் ஒட்ட வெட்டிட்டாங்க."

நான் ஷபானா சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். நோய் வேறு, இது வேறு என்பதையும் சொன்னேன். அவள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ளை கூட இல்லன்னாலும் அது அப்படியே இருக்குமாக்கா? இல்ல, போயிடுமா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே ஷபானாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். யுவராணி பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். ஷபானா சென்டரில்தான் இருந்தாள். பின்னால் இயந்திரம் டக்கு டக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது கேட்டது.

"தாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்கறவங்களைத்தான் பாத்திருக்காங்க போலக்கா. பிள்ளையைப் பிரிஞ்சவங்களைப் பத்தி யாராச்சும் படிச்சிருக்காங்களான்னு எனக்குத் தெரியல."

யுவராணி போன் பக்கம் குனிந்தாள்.

"படிக்க வேணாம்மா" என்றாள். "இருக்குது."

நிமிர்ந்து நாடாவைத் தட்டினாள். குழிக்குள் அவள் பாதம் மிதியை அழுத்தியது. வலது ஒரு முறை, இடது ஒரு முறை. போனில் ஷபானா அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அதை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடினேன்.